ஈசானிய மூலைச் சுவர்

ஜனவரி 9

சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் கொடுத்த நாட்குறிப்பு எட்டு நாட்களாக இழுப்பறையில் கிடந்தது. எழுத ஒரு காரணம் வேண்டுமே. இன்று கிடைத்துவிட்டது.

காலை பதினொன்று இருபதுக்குச் சென்னை ஆடியது. அந்தமான் பக்கம் கடலுக்கடியில் நடந்த நிலநடுக்கத்தின் மிச்சம் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. என் மேசை மேலிருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. நந்தனத்தில் எங்கள் அலுவலகம் நான்காவது மாடி. அடுத்த நிமிடம் எல்லா மாடிக்காரர்களும் சாலையில் நின்றார்கள். நான் முப்பத்தொரு வருடங்களாக உயரமான கட்டடங்களுக்குத் தூணும் உத்தரமும் கணக்குப் போடுகிற கட்டமைப்புப் பொறியாளன். ஆகவே ஓடவில்லை, வேகமாக நடந்தேன்.

மாலையில் ஒரு தொலைக்காட்சியில் பேசக் கூப்பிட்டார்கள். "வீடு வாங்கப் போறவங்க டைல்ஸப் பாக்காதீங்க, நீச்சல் குளத்தப் பாக்காதீங்க. கட்டமைப்புப் பொறியாளர் யாரு, யாரோட கையெழுத்துன்னு கேளுங்க. அந்தக் கையெழுத்துதான் உங்களத் தாங்குது" என்றேன். நன்றாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் தமயந்தி, "அந்தப் பச்சைச் சட்டையப் போய் போட்டுக்கிட்டீங்களே" என்றாள். முப்பது வருட மனைவியிடமிருந்து வேறென்ன விமர்சனம் வரும்.

ஜனவரி 11

பில்டர் வரதராஜுலு போன் செய்தார்.

"ஞானசிகாமணி சார், டிவில பிச்சு உதறிட்டீங்க! நம்ம ககன விஹார் விளம்பரத்துல 'நிலநடுக்கத்தைத் தாங்கும்'னு போட்டுறலாமா?"

தாராளமாகப் போடலாம் என்றேன், உண்மைதானே. பழைய மகாபலிபுரம் சாலையில் பதினெட்டு மாடி, மாடிக்கு நான்கு வீடாக எழுபத்திரண்டு வீடுகள். அஸ்திவார வேலை தொடங்கிவிட்டது. நான்கு மூலையிலும் அடியிலிருந்து உச்சி வரை கனமான கான்கிரீட் சுவர் வைத்திருக்கிறேன். பூமி பக்கவாட்டில் உலுக்கும்போது கட்டடத்தைப் பிடித்து நிறுத்துவது அந்த நான்கு சுவர்கள்தான். நான் செய்த கட்டடங்களில் இதுதான் எனக்குப் பிடித்தது.

ஜனவரி 19

வரதராஜுலு அலுவலகத்தில் கூட்டம். காபி, கைமுறுக்கு, வாஸ்து நிபுணர்.

வேதகிரி என்று பெயர். வெள்ளை ஜிப்பா, தங்க ஃப்ரேம் கண்ணாடி. என் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு வடகிழக்கு மூலையில் விரலை வைத்தார்.

"ஈசானியத்துல எதுக்கு சார் இவ்ளோ பெரிய சுவரு? அந்த மூலை லேசா, திறந்தாப்புல இருக்கணும். பாரத்த எல்லாம் தென்மேற்குல ஏத்தணும். இது எதிரும் புதிருமா இருக்கு."

வரதராஜுலு என்னைப் பார்த்தார். "என்னா சார், எடுத்துரலாமா? வேணும்னா தென்மேற்குச் சுவர டபுளாக்கிக்குங்க. கணக்கு சரியாப் போயிடும்ல?"

கணக்கு அப்படிச் சரியாகாது. ஆனால் அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் அவர் சிறுசேரியில் வரப்போகும் முப்பது மாடி இரட்டைக் கோபுரத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். "உங்களத் தவிர யாரு சார் செய்ய முடியும்" என்றும் சொல்லியிருந்தார். நான் இதுவரை முப்பது மாடி செய்ததில்லை. வாயில் முறுக்கு இருந்தது. மரியாதைக்குத் தலையாட்டினேன்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். கூட்டங்களில் இப்படி நடப்பதுண்டு.

ஜனவரி 24

ரெஜினா கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். நாகர்கோவில் பெண், எங்களிடம் சேர்ந்து மூன்று வருடம். அதிகம் பேசமாட்டாள், பேசினால் எண்ணாகத்தான் பேசுவாள்.

"சுவர எடுத்தா திருகல் விகிதம் ஒண்ணு புள்ளி எட்டு வருது சார். ஒன்றரைக்கு மேல போகக்கூடாது. கட்டடம் முறுக்கிக்கிட்டுத் திரும்பும்."

"தென்மேற்கு நல்லா ஸ்டிராங்கா இருக்கேம்மா."

"அதுதான் சார் பிரச்சனை." எழுந்து போய் என் அறைக் கதவைப் பிடித்து ஆட்டினாள். "ஒரு பக்கம் கீல் பிடிச்சிருக்கு, மறு பக்கம் ஒண்ணும் இல்ல. தள்ளினா கீல் பக்கம் அசையாது. இந்தப் பக்கம்தான் வீசும். ஈசானிய மூலைத் தூணுங்க ஒடிஞ்சிரும்."

எனக்கே கதவை ஆட்டிக் காட்டுகிறாள். நான்தான் அவளுக்கு வேலை கொடுத்தேன். அந்த மூலையில் வரும் செங்கல் சுவர்களையும் பலமாகச் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னேன். செங்கல்லும் கொஞ்சம் தாங்கத்தானே செய்யும்? மாலை ஐந்து மணிக்கு 1.49 வந்தது. ஒன்றரைக்குக் கீழே.

"பேரு உங்களோடது சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேச்சில் நயம் போதாது.

ஜனவரி 25

திருத்திய அறிக்கையில் கையெழுத்திட்டேன். தட்டச்சு செய்தவர் தணிகாசலம், ஒரு பிழை கிடையாது. இருபத்திரண்டு வருடங்களாக எங்கள் கடிதம், அறிக்கை, சான்றிதழ் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் வெளியே போகின்றன. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிற மனிதர், ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை.

பிப்ரவரி 3

பொறியியல் கல்லூரி ஒன்றில் 'நிலநடுக்கமும் நாமும்' என்று பேசினேன். ஒரு மாணவி எழுந்து, "வாஸ்துவுக்காகச் சுவர எடுக்கச் சொன்னா என்ன சார் செய்யறது?" என்றாள்.

"பொறியாளர்னா முதுகெலும்பு வேணும்மா" என்றேன். பலத்த கைதட்டல். பொன்னாடை, ஒரு குத்துவிளக்கு.

குத்துவிளக்கு வீட்டில் ஏற்கெனவே ஏழு இருக்கிறது.

பிப்ரவரி 20

வெளியாள் ஒருவர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. வந்தவன் என்னோடு படித்தவன். 1.49 என்ற எண்ணைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், "உன் பொண்ணு எப்படி இருக்கா?" என்றான். நன்றாக இருக்கிறாள் என்றேன். முத்திரை விழுந்தது.

ஏப்ரல் 2

ககன விஹாரின் கட்டடக் கலைஞரிடமிருந்து புதிய வரைபடத்தின் நகல் வந்தது. வேதகிரி சொன்னாராம், ஈசானியத்தில் காலை வெயில் தாராளமாக வர வேண்டுமாம். அந்த மூலை வீடுகளின் கூடத்தில் செங்கல் சுவரை எடுத்துவிட்டுத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போடுகிறார்கள். விளம்பரப் படத்தில் ஒரு குழந்தை கண்ணாடியில் கை வைத்துக் கடலைப் பார்க்கிறது.

அவை நான் கணக்கில் சேர்த்த செங்கற்கள்.

நகல்தான் வந்தது, என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? ரெஜினா அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரல் 3

குக்கருக்கு வால்வு வாங்கினேன். பழைய வால்வு போய் ஒரு மாதமாகிறது, தமயந்தி ஏதோ சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "வெடிச்சிருந்தா என்ன ஆகும்?" என்று கத்தினேன். பாதுகாப்பு விஷயத்தில் இந்த வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லை.

மே 12

மகள் இளவேனிலும் மாப்பிள்ளையும் பேத்தி யாழினியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கையில் இனிப்பு.

"அப்பா, கண்ண மூடு" என்றாள். மூடினேன். மடியில் ஏதோ வைத்தாள். கண்ணைத் திறந்தால் ககன விஹார் விளம்பரப் புத்தகம். உள்ளே ஒப்பந்தம். வீட்டு எண் 1204. பன்னிரண்டாவது மாடி, ஈசானிய மூலை.

"உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல. நீ டிசைன் பண்ண வீட்லயே இருக்கப் போறோம்ப்பா!"

யாழினிக்கு மூன்று வயது. விளம்பரப் படத்துக் குழந்தையைத் தொட்டு, "இது நானு" என்றாள்.

சந்தோஷமாக இருந்தது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

மே 13

தூக்கம் வரவில்லை. மாம்பழம் அதிகமாகச் சாப்பிட்டிருப்பேன்.

மே 19

இளவேனிலிடம் பக்குவமாகப் பேசினேன். அந்தப் பக்கம் தண்ணீர் லாரியை நம்பித்தான் பிழைப்பு என்றேன். போக்குவரத்து நெரிசல் என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். கடைசியில் கொசுவைச் சொன்னேன்.

"கொசுவா? பன்னெண்டாவது மாடிலயாப்பா?"

"லிஃப்ட்ல வரும்" என்றேன்.

சிரிக்கவில்லை. என்னை வெகுநேரம் பார்த்தாள். சின்ன வயதில் பரீட்சைத் தாளில் என் கையெழுத்தைப் போட்டுப் பிடிபட்டபோது நான் அவளைப் பார்த்த பார்வை அது.

"சரிப்பா. வேணாம்" என்றாள். ஏன் என்று கேட்கவே இல்லை.

மே 27

ரத்துக் கடிதம் போயிற்று. நம் அலுவலகத்தில்தான் தயார் செய்தோம். இனி நிம்மதி. காலையில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். பெற்றவன் கடமையைச் செய்துவிட்டேன். மற்ற எழுபத்தோரு வீட்டுக்காரர்களுக்கும் அப்பா இருப்பார்கள்.

ஜூன் 4

தணிகாசலம் காலையில் ஒரு பெட்டி லட்டோடு வந்து நின்றார்.

"என்ன விசேஷம்?"

"எடுத்துக்குங்க சார். நம்ம ககன விஹார்ல ஒரு வீடு கேன்சல் ஆச்சாம். ஆயிரத்து இருநூத்தி நாலு. மகன் பெங்களூருல நல்லா இருக்கான், அவன் பார்த்துக்கறேன்னுட்டான்."

நான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"வேற எங்கயாவது பார்த்திருக்கலாமே தணிகாசலம்."

"நீங்கதானே சார் டிவில சொன்னீங்க? டைல்ஸப் பாக்காத, கையெழுத்தப் பாருன்னு. இருபத்திரண்டு வருஷமா பார்க்கிற கையெழுத்து. எனக்கு வேற என்ன சார் வேணும்?"

லட்டு தொண்டையில் இறங்கவில்லை. நெய் சரியில்லை போலிருக்கிறது.

ஜூன் 7

தணிகாசலத்திடம் கொசுவைப் பற்றிச் சொன்னேன்.

"திருநின்றவூர்ல இல்லாத கொசுவா சார்!"

தண்ணீர் லாரி என்றேன். கைப்பம்பில் அடித்து வளர்ந்தவன் என்றார். நெரிசல் என்றேன். "தெனம் போக வர மூணு மணி நேரம் ரயில்ல நிக்கிறேன் சார்" என்று சிரித்தார். அவர் மனைவிக்கு முழங்கால் வலி என்பது நினைவுக்கு வந்து, பன்னிரண்டு மாடி என்றேன்.

"லிஃப்ட் இருக்குல்ல சார்."

லிஃப்ட்டில் கொசு வரலாம் என்றால் முழங்காலும் வரலாம்தான்.

ஜூன் 9

ரகசியமாகக் கணினியை இயக்கி, செங்கல் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். 1.8 இன்னும் 1.8ஆகத்தான் இருக்கிறது.

வெட்கமாக இருக்கிறது. இதை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஜூன் 15

வேதகிரி வீட்டுக்குப் போனேன். என் திட்டம் எளிமையானது. ஈசானியத்தில் சுவர் இருக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டால் நான் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. காலில் விழ வேண்டுமானாலும் விழத் தயாராகப் போனேன்.

வாஸ்துவுக்கு வருமுன் குளியலறைக் குழாய்கள் விற்றாராம். காபி கொடுத்தார். சுவர் இல்லாவிட்டால் பெரிய நிலநடுக்கத்தில் என்ன ஆகும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். மனிதர் டவராவைக் கீழே வைத்துவிட்டார்.

"அது அவ்ளோ முக்கியமான சுவரா சார்?"

"ஆமா."

"அத அன்னிக்கே ஏன் சார் சொல்லல?"

எனக்கு அதற்கான பதிலை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.

"நான் புஸ்தகத்துல இருக்கறதச் சொல்லுவேன் சார். அது என் வேலை. முடியாதுன்னு சொல்றது உங்க வேலை. மத்த இன்ஜினியருங்க எல்லாம் சண்டைக்கு வருவாங்க, நான் ஒரு பரிகாரம் சொல்லுவேன், ரெண்டு பேரும் டீ குடிப்போம். சுவருக்கடியில ஒரு செப்புத் தகடு வெச்சா முடிஞ்சு போச்சு. நீங்க மட்டும்தான் சார் தலையாட்டினீங்க. சரி, இது சும்மா நிக்கிற சுவரு போலன்னு நெனச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "எழுபத்திரண்டு குடும்பம் சார்" என்றார்.

எனக்கு எழுபத்திரண்டு என்பது அதுவரை எண்ணாகத்தான் இருந்தது.

ஜூன் 17

கட்டடம் நான்காவது தளத்தைத் தாண்டிவிட்டது. இப்போது கீழிருந்து சுவரை எழுப்ப முடியுமா என்று ரெஜினாவிடம் கேட்டேன். தளங்களில் துளை போட்டுக் கம்பி செருகி எழுப்பலாம் என்றாள்.

"ஆனா அந்த மூலையில அஸ்திவாரத்தச் சின்னதாக்கி இருப்போமே?"

"இல்ல சார். பழைய அளவுலதான் போட்டிருக்கு. சுவர எடுக்கச் சொன்னீங்க. அஸ்திவாரத்த மாத்த நீங்க சொல்லல, நானும் கேக்கல."

அவளுக்கு நயம் போதாது என்று ஜனவரியில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஜூன் 20

வரதராஜுலு அலுவலகத்தில் கூட்டம். அதே முறுக்கு. இந்த முறை எடுத்துக்கொள்ளவில்லை.

"சுவர் இல்லாம கட்டடம் நிக்காது. நான் தப்புப் பண்ணிட்டேன். தெரிஞ்சேதான் பண்ணினேன். சுவர் வராட்டி என் கையெழுத்த வாபஸ் வாங்கிக்குவேன்" என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போனது.

வரதராஜுலு எழுந்து நின்று கத்தினார். "என்னா சார் வெளையாடறீங்களா? நாலு மாடி ஏறிடுச்சு! வாங்கினவங்களுக்கு என்னான்னு சொல்றது? இன்ஜினியர் தப்பாப் போட்டுட்டாருன்னா?"

அப்போது வேதகிரி தொண்டையைச் செருமினார். "வாஸ்து பரிகாரம்னு சொல்லுங்க. ஈசானியத்துல செப்புத் தகட்டு மேல ரட்சைச் சுவர். விசேஷம்."

வரதராஜுலு மெல்ல உட்கார்ந்தார். யோசித்தார். முகம் தெளிந்தது. "அத விளம்பரத்துல போடலாமா?"

பொறியாளரின் தவறு என்றால் வீடு விற்காது, வாஸ்து பரிகாரம் என்றால் கூடுதலாக விற்கும். முப்பத்தொரு வருட அனுபவத்தில் இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் போயிற்று.

வெளியே வரும்போது, சிறுசேரி இரட்டைக் கோபுரத்தை வேறொருவர் செய்கிறார் என்று வரதராஜுலு சொன்னார். அவர் நன்றாகத் தலையாட்டக்கூடியவராக இருக்க வேண்டும்.

ஜூலை 8

பரிகார பூஜை. செப்புத் தகட்டை வைக்கும் பொறுப்பைக் கட்டமைப்புப் பொறியாளருக்கே கொடுத்தார்கள். சட்டையைக் கழற்றிக் குழிக்குள் இறங்கினேன். அடியில் ரெஜினா மாற்றாமல் விட்ட அஸ்திவாரம். கையால் தட்டிப் பார்த்தேன். நாதஸ்வரக்காரர்கள் நன்றாக வாசித்தார்கள்.

வீடு வாங்கியவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து வேதகிரியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் என்னிடம், "இந்த மகான் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும் சார்!" என்றார்.

"ஆமாம்மா" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

தணிகாசலம் மட்டும் வரவில்லை. அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது, நான்தான் சொல்லியாக வேண்டும்.

ஜூலை 10

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

புதிய சான்றிதழைத் தணிகாசலம் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். ரெஜினா சாப்பிடப் போயிருந்தாள்.

"சார், 'திருத்தத்துக்குக் காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. பில்டர் ஆபீஸ்ல வாஸ்துன்னு போடச் சொன்னாங்க."

"வேணாம். 'முதல் கணக்கில் பொறியாளர் செய்த தவறு'ன்னு போடுங்க."

அடித்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் நாற்காலியை இழுத்து அவர் அருகே போட்டுக்கொண்டேன்.

"தணிகாசலம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த ஆயிரத்து இருநூத்தி நாலு..."

"ஒண்ணு புள்ளி எட்டு சார்" என்றார்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"ஜனவரில ரெண்டு ரிப்போர்ட் அடிச்சேன் சார். ஒண்ணு ரெஜினாம்மா குடுத்தது, ஒண்ணு நீங்க குடுத்தது. இருபத்திரண்டு வருஷமா அடிக்கிறேன், படிக்காமலா அடிப்பேன்?"

"தெரிஞ்சும் ஏன்யா அங்க வீடு வாங்கினீங்க?"

"நான் எங்க சார் வாங்கினேன்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லட்டு குடுத்தேன். பேரனுக்குத் திருத்தணியில மொட்டை அடிச்ச லட்டு. எனக்கு எதுக்கு சார் பன்னெண்டாவது மாடி? ஓட்டு வீடு இருக்கு. கீழயும் யாரும் இல்ல, மேலயும் யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்கு..."

"இளவேனில் பாப்பா வீட்டக் கேன்சல் பண்ண லெட்டரும் நான்தானே சார் அடிச்சேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காரணம் கொசுன்னு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல சார். யாராவது நம்மாளு ஒருத்தர் அங்க இருந்தாத்தான் நீங்க அசைவீங்கன்னு தோணிச்சு. பாப்பா விலகிட்டாங்க. வேற யாரு இருக்கா? நான்தான்."

நான் அவர் முன்னால் அழுதேன். அதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அவர் தண்ணீர் எடுத்து வந்து வைத்தார். பிறகு திரையைப் பார்த்தபடி, "எத்தனை காப்பி எடுக்கட்டும் சார்? பில்டருக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா?" என்றார்.

"எழுபத்திரண்டு" என்றேன். "வீட்டுக்கு ஒண்ணு. விலாசம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அவ்வளவுக்குப் பிரிண்டர்ல மை இருக்குமா?"

புது கார்ட்ரிட்ஜ் நேற்றே வாங்கி வைத்துவிட்டாராம்.